காய்கறிப் பயிர்களில் கிரிஸ்பர் மரபணுத் திருத்தம்: ரகத் தேர்விலிருந்து வயல் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

காய்கறிப் பயிரில் கிரிஸ்பர் முறையில், அதாவது டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டி, மரபணுத் திருத்தம் செய்ய இறங்கும் பலர் முதல் நாளே கணினி முன் உட்கார்ந்து, வெட்டும் இடத்தைக் காட்டும் கைடு ஆர்.என்.ஏ.வை வடிவமைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு பிளாஸ்மிட் (மரபணுக்களைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) கட்டி, செடிக்குள் டி.என்.ஏ.வைக் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவில் ஏற்றி, சில மாதங்கள் கழித்துத்தான் தாங்கள் எடுத்துக்கொண்ட ரகத்தின் விதையிலைத் துண்டிலிருந்து தளிரே கிளம்பாது என்று தெரியவருகிறது. டி.என்.ஏ.வை வெட்டுவது இன்று எளிய வேலை. வெட்டுப்பட்ட ஒரு செல்லை முழுச் செடியாக எழுப்புவதும், அதன் அடுத்த தலைமுறையில் வெட்டும் கருவி இல்லாத செடியைப் பொறுக்கி எடுப்பதும்தான் காலத்தையும் கவனத்தையும் கேட்கின்றன. ஆகவே இங்கே திசு வளர்ப்புச் சோதனை கைடு வடிவமைப்புக்கு முன்னால் வருகிறது.

படிகள் எல்லாம் தக்காளியை வைத்துச் சொல்லப்பட்டுள்ளன. தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டாக உள்ள இருமடங்குப் பயிர். அதன் முழு மரபணுத் தொகுதி வரிசை 2012இலேயே வெளியானது. கத்தரி, உருளை, வெள்ளரி, மிளகாய், லெட்யூஸ் கீரை ஆகியவற்றில் எங்கே வழி மாறுகிறது என்பது பின்னால் வருகிறது.

வேலை தொடங்கும் முன் அனுமதி

கடைசியில் கையில் வரும் செடியில் அயல் டி.என்.ஏ. இருக்காது என்றாலும், நடுவில் வரும் செடிகள் வெட்டும் புரதமான காஸ்9இன் மரபணுவையும், கனமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் எதிர்ப்பு மரபணுவையும் சுமப்பவை. அந்தக் கட்டம் பொதுவாக மரபணு மாற்றப்பட்ட உயிரியாகவே கருதப்படும். உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல், அடைப்புள்ள வளர்ப்பறை, கழிவுகளை ஆட்டோகிளேவ் செய்யும் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும்) வசதி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்கக் கூடாது. வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல இது.

விளைபொருளின் சட்டநிலை நாட்டுக்கு நாடு வேறுபடும். குறித்த இடத்தில் வெட்டும் நொதியால் வரும் மாற்றங்களை எஸ்.டி.என். என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: வெட்டு மட்டும் விழுந்து செல் தானாக ஒட்டிக்கொண்ட மாற்றம் எஸ்.டி.என்.-1, சிறிய அச்சு (மாதிரி டி.என்.ஏ. துண்டு) கொடுத்து ஏ, டி, ஜி, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகளில் சிலவற்றை மாற்றியது எஸ்.டி.என்.-2, புதிய மரபணுவை நுழைத்தது எஸ்.டி.என்.-3. இந்தியா 2022 மார்ச்சில் முதல் இரண்டு வகைகளுக்கும், அயல் டி.என்.ஏ. இல்லை என்று நிறுவப்பட்டால், மரபணு மாற்றப் பயிர்களுக்கான விதிகளின் பெரும்பகுதியிலிருந்து விலக்கு அளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் இத்தகைய பயிர்களும் மரபணு மாற்றச் சட்டத்துக்குள்தான் வரும் என்றது. இங்கிலாந்து 2023இல் தனிச் சட்டம் இயற்றியது. எந்த வகையில் உங்கள் செடி விழும் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொண்டால், எந்தச் சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

படி 1: எதை அணைத்தால் பயிர் மேம்படும்?

காஸ்9 புரதம் கைடு ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வெட்டுகிறது. செல் அவசரமாக அந்த முனைகளை ஒட்டும்போது ஓரிரு எழுத்து கூடும் அல்லது சில எழுத்துகள் உதிரும். செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிப்பதால், மூன்றின் மடங்காக இல்லாத எந்த மாற்றமும் அந்தப் படிப்புச் சட்டகத்தைக் குலைத்து, பெரும்பாலும் புரதத்தைப் பாதியில் நிறுத்திவிடும். அதாவது, கிரிஸ்பர் எளிதாகச் செய்வது அணைப்பதை. ‘விளைச்சலைக் கூட்ட வேண்டும்’ என்பது இலக்கு அல்ல. எந்த மரபணு செயல் இழந்தால் அந்தக் குணம் வரும் என்று சொல்ல முடிந்தால்தான் அது இலக்கு.

காய்கறிகளில் ஏற்கெனவே நிரூபணமானவை சில. தக்காளியில் எம்.எல்.ஓ.1 மரபணுவை இழந்த செடியைச் சாம்பல் நோய்ப் பூஞ்சை பற்றுவதில்லை. 2017இல் இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள செயின்ஸ்பரி ஆய்வகம் இரண்டு கைடுகளால் 48 எழுத்துகளை வெட்டியெடுத்து, அயல் டி.என்.ஏ. இல்லாத இப்படியொரு தக்காளியை உருவாக்கியது. பெலோட்டா மரபணுவை அணைத்தால் இலைச்சுருள் வைரஸ் பெருகுவது குறைகிறது. எஸ்.பி.5ஜி அணைந்தால் நீண்ட பகல் உள்ள இடங்களிலும் சீக்கிரம் பூக்கிறது. பெக்டேட் லையேஸ் அணைந்தால் பழம் மெதுவாகத்தான் தளர்கிறது. வெள்ளரியில் இ.ஐ.எஃப்.4இ அணைந்த செடிகள் பப்பாளி வளையப்புள்ளி வைரஸையும் சீமைச்சுரை மஞ்சள் தேமல் வைரஸையும் தாங்கின. கத்தரியில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் மரபணுக்களை அணைத்தபோது நறுக்கிய சதை கறுப்பது குறைந்தது.

முழுதாக அணைக்காமல் ஒரு பகுதியை மட்டும் நீக்கும் வழியும் உண்டு. ஜப்பானில் 2020 டிசம்பரில் அரசிடம் பதிவாகி 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த, காபா என்ற அமினோ அமிலம் மிகுந்த தக்காளி அப்படிப்பட்டது. காபாவைத் தயாரிக்கும் ஜி.ஏ.டி.3 நொதியின் வால்முனையில் அந்த நொதியையே கட்டிப்போடும் பகுதி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பே நிறுத்தக் குறியீடு விழும்படி வெட்டியதும், நொதி கட்டவிழ்ந்து கூடுதலாக வேலை செய்தது. கீரை லெட்யூஸில், ஜி.ஜி.பி.2 மரபணுவுக்கு முன்னால் அதன் மொழிபெயர்ப்பைத் தடுக்கும் ஒரு குறுவரிசையைச் சிதைத்து வைட்டமின் சி அளவை உயர்த்தியிருக்கிறார்கள். அணைப்பதன் மூலமே ஒன்றைக் கூட்டும் இந்த உத்திகள் அதிகம் பயன்படுத்தப்படாதவை. இலக்கு தேடுபவர்கள் இங்கே நேரம் செலவிடலாம்.

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு விலை இருக்கிறது. ஐ.ஏ.ஏ.9 அணைந்தால் விதையில்லாக் காய் பிடிக்கும். கூடவே தக்காளியின் பிளவுபட்ட இலை ஒட்டிப்போய் எளிய இலையாகிவிடும். ஆர்.ஐ.என். அணைந்தால் பழம் நெடுநாள் இருக்கும்; சரியாகப் பழுக்காது, நிறமும் மணமும் குறையும். மரபணுவைத் தேர்ந்தெடுத்ததும் அது எந்தெந்த உறுப்பில் வேலை செய்கிறது, அதற்கு நெருங்கிய சகோதர மரபணுக்கள் எத்தனை என்று பாருங்கள். ஒரே வேலையை மூன்று சகோதரர்கள் செய்தால், ஒன்றை மட்டும் அணைத்துப் பயனில்லை.

இன்னொரு முக்கியமான முடிவு: இரண்டு ரகங்களைக் கலந்து பெறும் முதல் தலைமுறையான எஃப்1 கலப்பினத்தைத் திருத்தாதீர்கள். அதன் விதை அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். பெற்றோர் வரிசைகளைத்தான் (ஒரே குணத்தை நிலையாகத் தரும் செடி வழிகளை) திருத்த வேண்டும். அணைந்த மரபணுக்கள் பெரும்பாலும் ஒடுங்கு பண்பாக (இரண்டு பிரதியும் அணைந்தால் மட்டும் தெரியும் பண்பாக) இருப்பதால், கலப்பினத்தில் அந்தக் குணம் தெரிய இரண்டு பெற்றோரிலும் திருத்தம் இருந்தாக வேண்டும்.

படி 2: உங்கள் ரகம் தளிர்க்குமா?

அக்ரோபாக்டீரியம் எதுவும் இல்லாமல், வெறும் விதையிலைத் துண்டுகளை வைத்துச் செய்யும் சோதனை இது. ஒரு லிட்டர் அடிப்படை ஊடகத்துக்கு எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக் என்ற திசு வளர்ப்பு ஊட்டக்கலவை) உப்பு 4.3 கிராம், சுக்ரோஸ் 30 கிராம், மயோ-இனோசிட்டால் 100 மில்லிகிராம், எம்.எஸ். வைட்டமின்கள், அகார் 8 கிராம். பி.எச். 5.8. அகாரைப் போடுவதற்கு முன் பி.எச். சரிசெய்யுங்கள், 5.5க்குக் கீழே போனால் அகார் சரியாக உறையாது. 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ். தளிரைத் தூண்டும் ஹார்மோனான ஜியாட்டினையும் ஆன்டிபயாட்டிக்குகளையும் 0.22 மைக்ரான் வடிகட்டியால் தூய்மைப்படுத்தி, ஊடகம் 50 டிகிரிக்கு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

நூறு துண்டுகளை ஜியாட்டின் 2 மி.கி./லி. உள்ள ஊடகத்திலும், இன்னொரு நூறை ஜியாட்டின் 1 மி.கி. + ஐ.ஏ.ஏ. (ஆக்சின் ஹார்மோன்) 0.1 மி.கி. உள்ளதிலும் வையுங்கள். ஆறு வாரத்தில் வளர்முனை உள்ள தளிர் எத்தனை துண்டில் வந்தது என்று எண்ணுங்கள். வெறும் இலை மட்டும் கிளம்பி நடுவில் குருத்து இல்லாத குருட்டுத் தளிர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நூறில் முப்பதுக்கும் குறைவாக வந்தால் அந்த ரகத்தை விட்டுவிட்டு மைக்ரோ-டாம், மணிமேக்கர், எம்82 போல நன்கு தளிர்க்கும் ஒன்றில் திருத்தம் செய்து, பிறகு பின்கலப்பு (உங்கள் ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலப்பது) மூலம் உங்கள் ரகத்துக்குக் கொண்டுபோவது நல்லது. ஐந்து பின்கலப்பில் சராசரியாக 98 சதவீதத்துக்கு மேல் உங்கள் ரகம் திரும்பிவிடும்.

பிறகு மரபணு ஏறிய துண்டுகளைப் பிரித்தெடுக்கக் கனமைசின் பயன்படும் என்பதால், அதே சமயம் கனமைசின் தாங்குதிறனையும் அளந்துவிடுங்கள்: 0, 25, 50, 75, 100 மி.கி./லி. என ஐந்து அளவுகள். தளிரே வராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவுதான் உங்களுக்கு வேண்டியது. தக்காளியில் பெரும்பாலும் 75 முதல் 100க்குள் வரும். பிறர் கட்டுரையில் போட்ட அளவை அப்படியே எடுத்தால், ஒன்று எல்லாம் செத்துப்போகும், இல்லை எல்லாம் தப்பிவிடும்.

படி 3: கைடு வடிவமைப்பு

பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசை ஹெய்ன்ஸ் 1706 என்ற ரகத்துடையது. உங்கள் ரகத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கைடு வேலை செய்யாமல் போகலாம். இலக்கு மரபணுவின் முதல் ஒன்றிரண்டு எக்ஸான்களை (புரதத்துக்கான குறியீடு உள்ள பகுதிகளை) உங்கள் ரகத்திலிருந்தே பி.சி.ஆர். மூலம் பல பிரதிகளாகப் பெருக்கி, சாங்கர் முறையில் எழுத்து வரிசையறிந்து, அதை வைத்து வடிவமைக்க வேண்டும்.

காஸ்9க்கு வேண்டியது 20 எழுத்துகள், அதை அடுத்து என்.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து அடையாளம். வெட்டு அந்த அடையாளத்திலிருந்து மூன்று எழுத்து உள்ளே விழும். கிரிஸ்பர்-பி, கிரிஸ்பார், சாப்சாப் போன்ற இலவச இணையக் கருவிகள் பட்டியல் தரும். பட்டியலில் பொறுக்கும்போது பார்க்க வேண்டியவை:

- ஜி, சி எழுத்துகள் சேர்ந்து 40 முதல் 60 சதவீதம்.
- தொடர்ச்சியாக நான்கு டி இருக்கக் கூடாது. கைடை உருவாக்கும் யு6 ப்ரோமோட்டரில் (மரபணுவை இயக்கும் பகுதியில்) தொடங்கிய ஆர்.என்.ஏ. அங்கேயே முடிந்துவிடும்.
- யு6க்கு முதல் எழுத்து ஜி, அதேபோன்ற யு3 ப்ரோமோட்டருக்கு ஏ. இல்லையென்றால் முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.
- வேறு இடத்தில் பொருந்தினால் குறைந்தது மூன்று எழுத்தாவது மாறியிருக்க வேண்டும், அதிலும் என்.ஜி.ஜி.க்கு அருகிலுள்ள 10–12 எழுத்துக்குள் இரண்டு மாறியிருந்தால் நிம்மதி.
- தொடக்கக் குறியீட்டுக்கு மிக அருகில் வெட்ட வேண்டாம். அடுத்து வரும் இன்னொரு ஏ.டி.ஜி. என்ற தொடக்கக் குறியீட்டிலிருந்து புரதம் கிட்டத்தட்ட முழுதாகவே உருவாகிவிடும். புரதத்தின் செயல்பகுதிக்கு உள்ளோ சற்று முன்போ வெட்டு விழட்டும்.

ஒரு மரபணுவுக்கு இரண்டு கைடு, இரண்டுக்கும் இடையே 80 முதல் 200 எழுத்து இடைவெளி என்பது நல்ல ஏற்பாடு. இரண்டும் ஒருசேர வெட்டினால் நடுப்பகுதி விழுந்துவிடும். டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரிக்கும் சாதாரண அகரோஸ் ஜெல்லிலேயே சிறிய பட்டையாகத் தெரியும். ஒரு கைடு சோம்பினாலும் மற்றது காப்பாற்றும்.

வடிவமைத்ததும் குழாயில் சோதியுங்கள். இலக்குப் பகுதியின் பி.சி.ஆர். விளைபொருள் 200–300 நானோகிராம், காஸ்9 புரதம், தயாரித்த கைடு ஆர்.என்.ஏ. மூன்றையும் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஜெல்லில் ஓட்டினால், வெட்டாத கைடு உடனே பிடிபடும். குழாயில் வெட்டுவது செல்லிலும் வெட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரைசோபியம் ரைசோஜீன்ஸ் பாக்டீரியா மூலம் முடிவேர் எழுப்பி, அந்த வேரின் டி.என்.ஏ.வைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. தக்காளியில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வந்துவிடும். செடி எழுப்ப ஆகும் மாதங்களோடு ஒப்பிட்டால் இந்த வாரங்களைச் சேமிப்பதில் அர்த்தமே இல்லை.

படி 4: கட்டமைப்பு

காஸ்9க்கு 35எஸ் அல்லது யூபிக்விட்டின் ப்ரோமோட்டர்; இன்ட்ரான்கள் (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதிகள்) சேர்த்த காஸ்9 கிடைத்தால் அதையே எடுங்கள், தாவரத்தில் அது தெளிவாகவே நன்றாக வெட்டுகிறது. கைடுகளுக்கு யு6. தேர்வுக்கு என்.பி.டி.2, அதாவது கனமைசின் எதிர்ப்பு. டி.என்.ஏ. துண்டுகளைக் கோக்கும் கோல்டன் கேட் முறையில், வெட்டும் பி.எஸ்.ஏ.1 நொதியும் ஒட்டும் டி4 லைகேஸும் ஒரே குழாயில்: 37 டிகிரி 5 நிமிடம், 16 டிகிரி 5 நிமிடம், இப்படி 30 சுற்று, கடைசியில் 80 டிகிரியில் 10 நிமிடம். உங்கள் 20 எழுத்துக்குள்ளேயே பி.எஸ்.ஏ.1 வெட்டும் வரிசை இருந்தால் கட்டவே முடியாது, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்மிட்டை வரிசையறிந்து உறுதி செய்த பின் ஜி.வி.3101 அல்லது ஈ.எச்.ஏ.105 அக்ரோபாக்டீரியத்தில் ஏற்றி, 28 டிகிரியில் இரண்டு நாள். ஏற்றிய பாக்டீரியாவிலிருந்தும் ஒருமுறை பிளாஸ்மிட்டை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பெரிய பிளாஸ்மிட்டில் துண்டு உதிர்வது உண்டு.

படி 5: அக்ரோபாக்டீரியம் மூலம் ஏற்றுதல்

விதையை 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், பிறகு 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு துளி ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) சேர்த்து 12–15 நிமிடம் குலுக்கி, தூய நீரில் ஐந்து முறை கழுவுங்கள். பாதிச் செறிவு எம்.எஸ். ஊடகத்தில், 25 டிகிரியில், 16 மணி நேர வெளிச்சத்தில் வளர்க்கவும்.

அறுவடை நாள்தான் இந்தப் படியின் உயிர். விதையிலைகள் முழுதாக விரிந்து, முதல் உண்மை இலை இன்னும் தலைகாட்டாத நிலை. பொதுவாக 7 முதல் 10 நாள். உண்மை இலை விரிந்த பிறகு வெட்டினால் தளிர்க்கும் திறன் வேகமாக விழும். ஒரே தட்டில் முந்தி முளைத்தவையும் பிந்தி முளைத்தவையும் இருக்கும். நாளைப் பார்க்காமல் நாற்றைப் பார்த்து எடுங்கள்.

புதிய பிளேடால் விதையிலையின் நுனியையும் அடியையும் நீக்கி, நடுப்பகுதியை 5–8 மில்லிமீட்டர் துண்டாக்குங்கள். இழுத்து அறுக்காமல் ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். நசுங்கிய விளிம்பு பழுப்பாகிச் செத்துவிடும், அக்ரோபாக்டீரியம் நுழைவதும் தளிர் வருவதும் அந்த விளிம்பில்தான். ஐம்பது துண்டுக்கு ஒரு பிளேடு என்று வைத்துக்கொள்ளலாம். ஜியாட்டின் 1 மி.கி. + ஐ.ஏ.ஏ. 0.1 மி.கி. ஊடகத்தில் இலையின் மேற்பரப்பு கீழே படும்படி கவிழ்த்து ஒரு நாள் வையுங்கள்.

மறுநாள், இரவு முழுதும் வளர்ந்த பாக்டீரியாவைச் சுழற்றிப் பிரித்து, திரவ எம்.எஸ்.ஸில் கரைத்து, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.4 வரும்படி நீர்க்கச் செய்யுங்கள். பாக்டீரியாவின் கடத்தும் திறனைத் தூண்டும் அசெட்டோசிரிங்கோன் 100 மைக்ரோமோலார். இந்தத் திரவத்தின் பி.எச். 5.4 அளவில் இருக்கட்டும். பாக்டீரியாவின் தொற்று மரபணுக்கள் அமிலச் சூழலில்தான் விழிக்கும். துண்டுகளை 10–15 நிமிடம் மூழ்கவைத்து, தூய வடிதாளில் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் இரண்டே நாளில் பாக்டீரியா துண்டை மூடிவிடும்.

இருட்டில் 22 டிகிரியில் 48 மணி நேரம் கூட்டு வளர்ப்பு. 28 டிகிரிக்கு மேல் போனால் டி-டி.என்.ஏ. (பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் துண்டு) கடத்தல் சரியும், அறை குளிரூட்டி நின்றுபோன வார இறுதிகளில் வைத்த தொகுதிகள் ஒன்றுமே தராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிறகு துண்டுகளை நிமிர்த்தி, ஜியாட்டின் 2 மி.கி., கனமைசின் (நீங்கள் அளந்த அளவு), பாக்டீரியாவைக் கொல்லும் டைமென்டின் 300 மி.கி. கொண்ட ஊடகத்துக்கு மாற்றுங்கள். அடுத்தடுத்த மாற்றங்களில் ஜியாட்டினை 1 மி.கி.க்குக் குறைக்கலாம். டைமென்டின் ஊடகத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வீரியத்தோடு நிற்காது. எனவே 10–14 நாளுக்கு ஒருமுறை கட்டாயம் புதிய ஊடகம்.

தளிர்கள் 5 முதல் 8 வாரத்தில் வரும். 1.5–2 செ.மீ. ஆனதும், அடியில் ஒட்டியிருக்கும் கேலஸ் (உருவம் பெறாத செல் திரள்) துளியும் இல்லாமல் தண்டில் வெட்டி, வேர் தூண்டும் ஐ.பி.ஏ. 1 மி.கி., கனமைசின் 50 மி.கி. உள்ள வேர் ஊடகத்தில் நடுங்கள். கேலஸ் ஒட்டியிருந்தால் வேர் அதிலிருந்து வந்து ஏமாற்றும். மண்ணில் வைத்ததும் செடி வாடும். கனமைசினில் வேர்விடாத தளிர்களில் பெரும்பாலானவை மரபணு ஏறாமலேயே மருந்துக்குத் தப்பியவை. ஒரே துண்டிலிருந்து இரண்டு தளிர் எடுத்தால் அவை ஒரே நிகழ்விலிருந்து வந்திருக்கக்கூடும். எண்ணிடும்போது 12-அ, 12-ஆ என்று துண்டு எண்ணைக் காப்பாற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் என்ன தவறும், ஏன் என்று சுருக்கமாக:

- துண்டைச் சுற்றி வெண்மஞ்சள் வழுவழுப்பு படர்ந்தால் பாக்டீரியா மிஞ்சிவிட்டது. அடுத்த தொகுதியில் ஒளி அடர்த்தியை 0.2க்குக் குறைத்து, ஒற்றுவதைக் கூட்டுங்கள். இப்போதுள்ளதை டைமென்டின் 500 மி.கி. நீரில் கழுவி மாற்றலாம், பாதி பிழைக்கும்.
- கேலஸ் பெருத்துத் தளிர் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஜியாட்டின் பழையது அல்லது நாற்று முற்றியது.
- இலை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து உடைந்தால் பெட்டிக்குள் ஈரம் அதிகம். காற்றோட்ட நாடா ஒட்டி, அகாரை 9 கிராமாக்குங்கள்.
- இலை தடித்து, பூ பெரிதாகி, காயில் விதை மிகக் குறைந்தால் செடி நான்மடங்காகியிருக்கலாம் (குரோமோசோம்கள் இரண்டுக்குப் பதில் நான்கு தொகுதியாகியிருக்கலாம்). தக்காளி விதையிலைத் துண்டுகளில் இது அடிக்கடி நடப்பது. செல்லின் டி.என்.ஏ. அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லாவிட்டால், இலைத்துளையின் காவற்செல்லில் பசுங்கணிகங்களை எண்ணி இயல்புச் செடியோடு ஒப்பிடலாம். நான்மடங்குச் செடியை வைத்துக்கொண்டு வருத்தப்படாமல் தள்ளிவிடுங்கள்.

படி 6: திருத்தம் விழுந்ததா?

முதல் தலைமுறைச் செடியை டி0 என்பார்கள். ஒரே இலையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டி0 செடி பல திருத்தங்களின் கலவையாக இருக்கலாம். மூன்று வெவ்வேறு கிளைகளிலிருந்து, குறிப்பாகப் பூங்கொத்துக்கு அருகிலுள்ள இலையிலிருந்து மாதிரி எடுங்கள். விதைக்குள் போகப்போவது அந்தப் பகுதியின் மரபணுதான்.

வெட்டும் இடத்துக்கு இருபுறமும் குறைந்தது 200 எழுத்து தள்ளி பிரைமர் (பெருக்கலின் தொடக்கத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ.) வைத்து, 500–700 எழுத்து நீளம் பெருக்கி, சாங்கர் வரிசையறியுங்கள். வரைபடத்தில் வெட்டிடம் வரை ஒற்றை முகடுகளாக வந்து, சரியாக அங்கிருந்து முகடு மேல் முகடாகக் குழம்பினால் திருத்தம் இருக்கிறது. அந்தக் குழப்பத்தைப் பிரித்து எந்த மாற்றம் எத்தனை சதவீதம் என்று சொல்ல ஐஸ், டைட் போன்ற கருவிகள் போதும். இரண்டு மாற்றம் மட்டும் ஏறக்குறைய சரிபாதியாக வந்தால், இரண்டு அல்லீலும் (தாய், தந்தை வழியில் வந்த மரபணுப் பிரதிகள்) திருந்திய நல்ல செடி. நான்கைந்து மாற்றம் தெரிந்தால் கலவை.

இங்கே ஒரு பொறி உண்டு. வரிசை ஒற்றை முகடாகச் சுத்தமாக வந்து, அதில் மாற்றமும் இருந்தால் இரு அல்லீலும் ஒரே மாதிரி திருந்திவிட்டதாக மகிழ்ந்துவிடுவோம். மற்ற அல்லீலில் பெரிய துண்டே விழுந்து, பிரைமர் ஒட்டும் இடமும் போயிருக்கலாம். அப்போதும் ஒற்றை முகடுதான் வரும். 1,500–2,000 எழுத்து அகலத்தில் வெளி பிரைமர்களால் ஒருமுறை பெருக்கிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். மூன்றின் மடங்கான இழப்பு உள்ள செடிகளையும் உடனே எறியாதீர்கள், எம்.எல்.ஓ.வில் விழுந்த 48கூட மூன்றின் மடங்குதான், ஆனாலும் செயல் போயிற்று. கடைசிச் சான்று குணம்தான்.

படி 7: காஸ்9ஐக் கழித்தல்

டி0 செடியைத் தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டு விதை எடுங்கள். காஸ்9 ஒரே இடத்தில் நுழைந்திருந்தால், அந்த விதையில் முளைக்கும் டி1 (அடுத்த தலைமுறை) செடிகளில் நான்கில் ஒன்று காஸ்9 இல்லாமல் பிறக்கும். டி0இல் இரண்டு அல்லீலும் திருந்தியிருந்தால், காஸ்9 இல்லாத எந்தச் செடியும் பயன்படும். 11 செடி வளர்த்தால் ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு. ஓர் அல்லீல் மட்டும் திருந்தியிருந்தால், காஸ்9 இல்லாமலும் திருத்தம் இரட்டையாகவும் வருவது பதினாறில் ஒன்று. அதே வாய்ப்புக்கு 47 செடி வேண்டும். காஸ்9 இரண்டு தனித்தனி இடங்களில் நுழைந்திருந்தாலும், கழிப்பதற்கு மட்டுமே 47. அதனால் டி0 கட்டத்திலேயே இரு அல்லீலும் திருந்திய, ஒற்றை நுழைவுள்ள செடிகளைத் தேர்ந்தெடுப்பது பின்னால் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும்.

டி1 விதையைக் கனமைசின் ஊடகத்தில் முளைக்க வைக்காதீர்கள். பழக்கத்தில் பலர் செய்துவிடுவது இது. நமக்கு வேண்டிய செடிகளைத்தான் அந்த மருந்து கொல்லும்.

காஸ்9 இல்லை என்று சொல்ல ஒரு பி.சி.ஆர். போதாது. காஸ்9இன் தலைப்பகுதிக்கு ஒன்று, வால்பகுதிக்கு ஒன்று, என்.பி.டி.2க்கு ஒன்று, பிளாஸ்மிட் முதுகெலும்புக்கு ஒன்று என நான்கு சோதனை. ஒவ்வொரு மாதிரியிலும் ஆக்டின் போன்ற உள் மரபணுவையும் பெருக்கிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டி.என்.ஏ. கெட்டுப்போன குழாயும் ‘காஸ்9 இல்லை’ என்றே சொல்லும். இறுதித் தேர்வில் நிற்கும் இரண்டு மூன்று வரிசைகளுக்கு முழு மரபணுத் தொகுதி வரிசையறிதல் செய்தால், உதிர்ந்த சிறு துண்டு எங்காவது தங்கியிருக்கிறதா என்பதும், வேறிடத்தில் வெட்டு விழுந்ததா என்பதும் ஒன்றாகவே தெரியும். ஒழுங்காக வடிவமைத்த கைடுகளில் வேறிட வெட்டு அபூர்வம். திசு வளர்ப்பு தானாக உண்டாக்கும் மாற்றங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஒருமுறை மூல ரகத்தோடு பின்கலப்பு செய்தால் அவற்றில் பாதி கழியும்.

மற்ற பயிர்களில் மாறுவது

உருளைக்கிழங்கில் ஒவ்வொரு மரபணுவுக்கும் நான்கு அல்லீல். நான்கும் அணைந்தால்தான் குணம் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், கிழங்கு மூலம் பெருகும் பயிரில் காஸ்9ஐத் தன்சேர்க்கையால் கழித்தால் ரகமே சிதறிவிடும். ஆகவே காஸ்9 புரதத்தையும் கைடு ஆர்.என்.ஏ.வையும் கலவையாகவே செல்சுவர் நீக்கிய ப்ரோட்டோபிளாஸ்ட்டுக்குள் செலுத்துகிறார்கள். காஸ்9 புரதம் 10–20 மைக்ரோகிராமோடு அதே அளவு கைடு ஆர்.என்.ஏ. சேர்த்து 10 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, இரண்டு லட்சம் ப்ரோட்டோபிளாஸ்ட்டுடன் கலந்து, செல்லுக்குள் பொருளை நுழைய வைக்கும் பி.ஈ.ஜி. 4000இன் 40 சதவீதக் கரைசலைச் சம அளவில் மெல்லச் சேர்க்க வேண்டும். பி.ஈ.ஜி.யில் நேரம் கூடினால் செல்கள் வெடிக்கும். செடி எழும்ப ஐந்தாறு மாதம் ஆகும், குரோமோசோம் குறைபாடுகளும் நிறைய வரும். எனவே பல பத்துச் செடிகளை எழுப்பி வடிவத்தைப் பார்த்துக் கழிக்க வேண்டும். லெட்யூஸுக்கும் இந்த முறை நன்றாக ஒத்துவருகிறது. 2015இலேயே செய்து காட்டப்பட்டது.

கத்தரி தக்காளியின் வழியிலேயே போகும். விதையிலை நன்றாகத் தளிர்க்கிறது. வெள்ளரியில் விதையிலையின் அடிப்பகுதியில்தான் தளிர் வரும், கலவைச் செடிகள் அதிகம். டி1இல் மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். மிளகாய், குடைமிளகாய் பிடிவாதமான பயிர்கள். குருட்டுத் தளிர்கள் நூற்றுக்கணக்கில் வரும், நீளவே நீளாது. அதில் இறங்குவதற்கு முன் படி 2இல் தாராளமாக ஒரு பருவம் செலவிடுங்கள்.

படி 8: குணத்தை அளத்தல்

ஒப்பீட்டுக்கு மூல ரகத்தை மட்டும் வைத்தால் போதாது. அதே டி0 தாயிலிருந்து பிறந்து, திருத்தமும் காஸ்9உம் இல்லாத சகோதரச் செடியையும் வைக்க வேண்டும். திசு வளர்ப்பால் வந்த மாற்றத்தையும் திருத்தத்தால் வந்த மாற்றத்தையும் பிரித்துக் காட்டுவது அந்தச் செடிதான். இரு அல்லீலும் திருந்திய டி0இல் அப்படிச் சகோதரர் கிடைக்காது. அப்போது திசு வளர்ப்பைக் கடந்தும் திருந்தாத இன்னொரு செடியின் வழிமரபைப் பயன்படுத்துங்கள்.

தனித்தனி டி0 செடிகளிலிருந்து வந்த, வெவ்வேறு மாற்றங்கள் கொண்ட இரண்டு வரிசைகளாவது ஒரே குணத்தைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் காட்டினால் காரணம் வேறாக இருக்கலாம். நோய் எதிர்ப்பு என்றால் பூஞ்சை வித்துகளையோ வைரஸையோ அளந்து தூவி, தொற்றாத செடி, தொற்றிய மூல ரகம், தொற்றிய திருத்தச் செடி என வரிசையாக வைத்துப் பாருங்கள். வைரஸில் அறிகுறி இல்லை என்பதோடு நிற்காமல், செடிக்குள் வைரஸ் அளவையும் ஆர்.டி.-பி.சி.ஆர். (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கிப் பெருக்கும் சோதனை) மூலம் அளக்க வேண்டும். அறிகுறி காட்டாமல் வைரஸைச் சுமக்கும் செடி வயலில் மற்றவற்றுக்குத் தொற்று மூலமாகிவிடும்.

கூடவே, நீங்கள் மாற்ற நினைக்காத குணங்களையும் அளவிடுங்கள்: முளைப்பு, பூக்கும் நாள், காய்ப்பிடிப்பு, ஒரு காயின் எடை, விதை எண்ணிக்கை, பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு). ஒவ்வொன்றையும் மூன்று தனித்தனிப் பாத்திகளில் திரும்ப நடுவது, இடவரிசையைக் குலைத்து நடுவது, இரண்டு பருவம் என்பது குறைந்தபட்சம். வயல் சோதனைக்கு அனுமதி கிடைத்த பிறகும், டி1இன் விதையில் வந்த, தேர்ந்த டி2 வரிசை ஒவ்வொன்றிலும் மாற்றத்தின் துல்லியமான எழுத்து வரிசை, டி0 தாயின் எண், காஸ்9 இன்மைக்கான நான்கு ஜெல் படங்கள் ஆகியவற்றை விதை உறையின் எண்ணோடு சேர்த்து வையுங்கள். ஒழுங்குமுறை அலுவலகம் முதலில் கேட்பது இந்த மூன்றைத்தான். பிற்பாடு விதைக் கலப்படச் சந்தேகம் எழுந்தால், எழுத்து வரிசை ஒன்றே உங்கள் வரிசையை அடையாளம் காட்டும்.